நம்பரை மட்டுமல்ல, நம்பர் இருக்கும் இடத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் உதிரிபாகங்கள் பற்றித் தங்கள் நாளிதழின் கோவைப் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தோம். தேய்ந்த பாகத்தைப் பிரித்து, கடைந்து, புது பேரிங் போட்டு விற்கிறவரையும், பாகத்தில் இருந்த எண்ணை உரசி அழித்துவிட்டு வேறு எண் அடித்து விற்கிறவரையும் ‘போலி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டீர்கள். முதல் ஆள் செய்வது தொழில், இரண்டாம் ஆள் செய்வது மோசடி. கணபதி, சிங்காநல்லூர், ஈரோடு, சங்ககிரி என்று ரீபோரிங்கும் (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) கிராங்க் கிரைண்டிங்கும் செய்து பிழைக்கிற பட்டறைகள் மேல் அந்தச் சொல் வந்து விழுகிறது. வாங்குகிறவருக்கும் லாபமில்லை. எதைப் பார்த்து ஒதுக்குவது என்று செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்பாசடரின் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் வரும் கிராங்க்கை, அதாவது பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை, எடுத்துக்கொள்வோம். ஒழுங்கான பட்டறைக்கு அது வந்தால் முதலில் ஆயில் துளைகளின் அடைப்புத் திருகுகளைக் கழற்றுவார்கள். காஸ்டிக் சோடா கலந்த கொதிநீர்த் தொட்டியில் போட்டு, துளைகளுக்குள் கம்பி பிரஷ் விட்டு, உள்ளே இறுகிக் கிடக்கும் ஆயில் கசடை எடுப்பார்கள். அதை எடுக்காமல் கிரைண்ட் செய்தால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் கசடு கரைந்து வந்து புது பேரிங்கைச் சுரண்டிவிடும். அடுத்தது விரிசல் சோதனை. காந்தத் துகள் மெஷின் இருந்தால் அதில் பார்ப்பார்கள். இல்லாத இடத்தில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுவார்கள். விரிசல் இருந்தால் மண்ணெண்ணெய் அந்தக் கோட்டில் கசிந்து தூளை நனைக்கும். கயிற்றில் தொங்கவிட்டுச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல கிராங்க் கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்டது பொத்தென்று சத்தம் போடும். பிறகு மைக்ரோமீட்டர். ஒவ்வொரு ஜர்னலையும் (பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் வழவழப்பான பகுதி) இரண்டு ஓரத்திலும், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசையிலும் அளப்பார்கள். இந்த எஞ்சினில் மெயின் ஜர்னல் சுமார் 2 அங்குலம், பிக் எண்ட் (கனெக்டிங் ராடு பிடிக்கும் ஜர்னல்) 1.875 அங்குலத்தை ஒட்டி இருக்கும். தேய்மானத்துக்கு ஏற்ப 10, 20, 30, 40 தவ் என்று குறைத்துக் கிரைண்ட் செய்வார்கள். (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) 40-க்குக் கீழே பேரிங்கும் கிடையாது, போகவும் கூடாது.

கிரைண்டிங்கில் கவனிக்க வேண்டியது ஜர்னலும் வெப்பும் (ஜர்னல்களை இணைக்கும் கை) சேரும் மூலை. அங்கே வளைவு இருக்க வேண்டும். கல்லின் ஓரத்தைச் சரியாக டிரெஸ் செய்யாமல் கூர்மூலையாக விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும், கிராங்க் அங்கேதான் இரண்டாகும். கடைசியாக ஆயில் துளை ஓரத்தை மழுக்கி, பாலிஷ் போட்டு, வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் வளைவு பார்த்து, வெப்பின் பக்கவாட்டில் மெயின் 10, பிக் எண்ட் 20 என்று அடித்து, கூடவே பட்டறையின் அடையாளத்தையும் அடித்துத் தருவார்கள்.

அதாவது இப்படி ரீகண்டிஷன் செய்த, பழையதைச் சீர்செய்து புதுப்பித்த, பாகத்திலும் புதிதாக ஒரு எண் அடிக்கப்பட்டிருக்கும். புது எண்ணைக் கண்டதும் ‘போலி’ என்று தூக்கிப் போடுவது தவறு. அது பழைய எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, பழைய எண்ணின் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேர்மையான பட்டறையின் கிரைண்டர் பாகம் வேலை செய்யும் இடத்தைத் தொடும்: ஜர்னல், போர், வால்வு சீட், ஹெட் உட்காரும் முகம். வார்ப்பின் வெளித்தோலையும், கம்பெனி எண்ணையும் அது தொடாது. மோசடிக்காரனின் கிரைண்டர் போவது எண் இருக்கும் இடத்துக்கு. வேலை செய்யும் முகங்கள் பழைய தேய்மானத்தோடு அப்படியே கிடக்கும். ஒரு பாகத்தைக் கையில் எடுத்ததும் இந்த இரண்டு இடங்களையும் மாறிமாறிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எண் இருக்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது? பெயின்ட் பூசியிருந்தால் முதலில் தின்னரில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். “ஏனுங்க, பெயின்ட் போயிருமுங்க” என்று கடைக்காரர் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள். அடுத்து, சேசிஸ் பிரிண்ட் எடுப்பது போல மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து ஒரு படி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமெல்லாம் காகிதத்தில் வந்துவிடும். அழித்த பழைய எண்ணின் வால் அல்லது வளைவு புது எண்ணின் இடுக்கில் நிழலாகத் தெரிவது உண்டு. பிறகு பத்து மடங்கு லென்ஸில் தரையைப் பாருங்கள். கம்பெனியில் மில்லிங்கோ பிரோச்சிங்கோ செய்த, அதாவது மெஷினில் சீவிச் சமமாக்கிய, மேடையில் கோடுகள் ஒரே திசையில், ஒரே இடைவெளியில் ஓடும். எண்ணின் பள்ளம் அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு இறங்கியிருக்கும். கை கிரைண்டரில் உரசிய இடத்தில் கோடுகள் வில்லாக வளையும், எமரி தேய்த்தால் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்த இடம் மட்டும் சுற்றுத்தளத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கும். ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து மறுபக்கம் டார்ச் அடித்தால் வெளிச்சம் கசிவது அந்தப் பள்ளத்தில்தான்.

எழுத்துகள் கோணல்மாணலாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். 1950, 60-களில் பல தொழிற்சாலைகளிலும் ஆள்தான் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் அடித்தார். கோணல் அன்றைக்கும் உண்டு. ஆனால் ஒரே பஞ்ச்சில் அடித்த இரண்டு 3-களில் ஒரே குறை இருக்கும். ஒன்றின் கீழ்வளைவு மழுங்கியிருந்தால் மற்றதிலும் மழுங்கியிருக்க வேண்டும். முதல் மூன்று எழுத்து ஒரு வடிவத்திலும் மீதி வேறு வடிவத்திலும் இருந்தால், பாதியை அழித்துப் பாதியை அடித்திருக்கிறார்கள். புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதிய எண்ணோ லேசர் எழுத்தோ 1960-களின் பாகத்தில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

துருவும் சாட்சி சொல்லும். பல வருஷத் துரு கரும்பழுப்பாக, எண்ணின் பள்ளத்துக்குள்ளும் வெளியேயும் ஒரே நிறத்தில் இறுகியிருக்கும். உப்புத் தண்ணீரும் ஆசிட்டும் ஊற்றி வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில் பொடியாக இருக்கும், ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு வரும். பள்ளத்தின் அடியில் பளபளப்பு தெரிந்தால் எண் நேற்றுப் பிறந்தது. பாகம் முழுவதையும் பீட் பிளாஸ்ட் (கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசுவது) அடித்து ஒரே மங்கல் நிறமாக்கி வைத்திருந்தால் துருவைப் படிக்க முடியாது. நல்ல பட்டறைகளும் சுத்தத்துக்காக அப்படி அடிப்பது உண்டு என்பதால் அதுவே குற்றமாகிவிடாது. அப்போது அளவுகளை நம்பித்தான் போக வேண்டும்.

உரசி அழித்த எண் முழுதாக அழிவதில்லை. பஞ்ச் இறங்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கி இறுகிவிடுகிறது. மேலே உரசி எடுத்தாலும் அந்த இறுகல் அடியில் மிஞ்சும். தாமிரக் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த கரைசலைத் தடவினால் எஃகில் பழைய எண் மெல்ல எழுந்து வரும். வார்ப்பிரும்பில் இது கடினம், அலுமினியத்துக்குக் கரைசலே வேறு. இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். ஒரு தரம் தவறாகத் தேய்த்தால் சாட்சியமே போய்விடும். வழக்காகிவிட்டால் கோவையில் இருக்கும் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் பாகம் போகும், செய்ய வேண்டியதை அவர்கள் செய்வார்கள்.

நம் ஊருக்கென்றே உள்ள ஒரு வகையை இனிச் சொல்ல வேண்டும். கோவையில் எந்தப் பாகத்தையும் வார்த்துக் கொடுக்கப் பவுண்டரி உண்டு. மோட்டார் பம்ப் வார்க்கிற அதே மண்ணில் பழைய காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் (எஞ்சினின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) வார்க்கலாம். அதில் தவறு ஒன்றுமில்லை. கிடைக்காத பாகத்தை வேறு எப்படிப் பெறுவது? கம்பெனியின் எழுத்தோடு வார்த்து, அதைக் ‘கம்பெனி ஒரிஜினல்’ என்று விற்பதுதான் தவறு. அதைப் பிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சாம்பல் வார்ப்பிரும்பு உருகி ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும், அலுமினியம் சுமார் 13. முறையாக பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்கிறவர் இந்தச் சுருக்கத்தைச் சேர்த்துப் பெரிதாகச் செய்வார். பழைய பாகத்தையே மண்ணில் அழுத்தி அச்செடுத்தால் அந்தக் கூடுதல் இருக்காது. 400 மில்லிமீட்டர் நீள மேனிஃபோல்ட் 396-க்குத்தான் வரும். ஸ்டட் துளைகளைச் சரியான இடத்தில் டிரில் செய்துவிடுவார்கள், ஏனென்றால் ஹெட்டில் உட்கார வேண்டுமே. எனவே துளைகளை அளந்து பயனில்லை. கடையாத இடங்களை அளக்க வேண்டும்: வெளி நீளம், விலாக்களுக்கிடையே உள்ள தூரம், மேடெழுத்து வரியின் நீளம். வெர்னியர் போதும், அருகில் ஒப்பிட ஓர் அசல் பாகம் மட்டும் வேண்டும். துளைகள் சுற்றுமேட்டின் நடுவில் இல்லாமல் ஓரத்துக்கு நகர்ந்திருப்பதும் இந்தச் சுருக்கத்தால்தான். அச்சிலிருந்து அச்செடுத்த மேடெழுத்துகளின் முனை மழுங்கி, கரைந்த சோப்பு மேல் இருக்கும் எழுத்துப் போல ஆகிவிடும்.

மேடெழுத்தை எம்-சீல் போன்ற பசையில் செய்து ஒட்டுகிற வேலையும் நடக்கிறது. காய்ச்சிய ஊசியை எழுத்தின் ஓரத்தில் வைத்தால் இரும்பு சும்மா இருக்கும், பசை இளகும்.

பழைய ஸ்டாக், பெட்டியே பிரிக்காதது என்று வரும் சரக்கில் பாகத்தைவிடப் பெட்டி அதிகம் பேசும். லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-ல் தொடங்கியது. அந்தப் பெயர் பொறித்த டைனமோவை 1958 மாடல் காரோடு கூடவே வந்தது என்று விற்க முடியாது. பிறகு மாற்றியது என்று சொன்னால் சரி. பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. பெட்டியில் ஆறு இலக்கப் பின்கோடு அச்சாகியிருந்தால் பெட்டி அதற்குப் பிந்தியது. சென்னை என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பிந்தியது. அதற்கு முன் மெட்ராஸ்தான். மைக்கோ என்று இருந்த பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது 2008-ல். இங்கிலாந்து லூகாஸ் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், ஸ்டார்ட்டர்களில் மாடல் பெயர், ஐந்து இலக்கப் பாக எண் இவற்றோடு மாதமும் ஆண்டும் சுருக்கமாக அடித்திருக்கும். அந்தத் தேதி கார் வெளிவந்த மாதத்துக்குச் சில மாதம் முந்தியிருப்பது இயல்பு. பிந்தியிருந்தால், பாகம் நல்லதாகவே இருந்தாலும், அந்தக் காரோடு பிறந்ததல்ல.

டைனமோவை எண் வைத்து வாங்குவதைவிட ஓட்டிப் பார்த்து வாங்குவது மேல். லூகாஸ் சி40 ரகத்தில் டி, எஃப் இரண்டு முனைகளையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரி கொடுத்தால் அது மோட்டாராகச் சீராகச் சுழல வேண்டும். ஃபீல்ட் காயில் சுமார் 6 ஓம் காட்ட வேண்டும். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) லேத்தில் கடைந்திருப்பதோடு செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைக்காவையும் அறுத்துத் தாழ்த்தியிருக்க வேண்டும். கடைந்துவிட்டு மைக்காவை விட்டுவிட்டால் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும், சீக்கிரமே கருகும். வெளியே பெயின்டும் புது ஸ்டிக்கரும், உள்ளே பழைய பிரஷ்ஷும் என்றால் அது ரீகண்டிஷன் கணக்கில் வராது.

பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறைப் பக்கம் ஜீப் பிரியர்கள் அதிகம். ஏமாற்றும் அங்கே அதிகம். 1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் எம்பி ராணுவ ஜீப்புக்கு இருக்கும் விலையைப் பார்த்து, இங்கே ஓடிய மஹிந்திரா சிஜே3பி பாகங்களில் எம்பி எண் அடிக்கிறார்கள். இரண்டு எஞ்சினும் 134 கன அங்குலம்தான். ஆனால் எம்பியில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருக்கும். சிஜே3பியில் இன்டேக் வால்வு ஹெட்டில் இருக்கும். அந்த உயரத்துக்காகத்தான் பானட்டே உயர்ந்தது. வால்வு கவர் ஹெட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினில் எம்பி எண் இருந்தால் எண்ணைப் படிக்கக்கூட வேண்டாம். அதே காலத்தில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ ஜீப்பின் போல்ட், பிராக்கெட் எல்லாவற்றிலும் எஃப் எழுத்து இருக்கும் என்பதால், அந்த எழுத்தையும் பஞ்ச்சில் அடித்து விற்கிறார்கள். சேசிஸில் ரேடியேட்டருக்கு அடியில் உள்ள முன் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். வில்லிஸில் அது உருண்டைக் குழாய், ஃபோர்டில் கவிழ்த்த ப வடிவம். அதை மாற்றி அடிக்க எந்தப் பஞ்ச்சாலும் முடியாது. தகடு பாப் ரிவெட்டில் பதிந்திருந்தால் நடுவில் துளை தெரியும். அந்த ஜீப்புகளில் தகடு அப்படிப் பதிந்து வந்ததில்லை.

ஆக்சில் வாங்கினால் கிரவுன், பினியன் (ஆக்சிலைச் சுழற்றும் பெரிய, சின்னப் பல்சக்கரங்கள்) பற்களை எண்ணுங்கள். சிஜே3பிக்கு 5.38 என்பது 43-க்கு 8; எம்பிக்கு 4.88 என்பது 39-க்கு 8. இரண்டையும் ஜோடியாக ஓடவிட்டுப் பொருத்தி ஒரே ஜோடி எண் எழுதுவார்கள். ஒன்றில் எண் பழையதாகவும் மற்றதில் எலக்ட்ரிக் பென்சிலில் புதிதாகவும் இருந்தால் அது ஜோடி பிரிந்தது. மாட்டினால் ஊளையிடும், கொஞ்ச நாளில் பல் தின்னும்.

மாடல் எண்ணைவிட அளவு எண்ணை மாற்றி அடிப்பது சத்தமில்லாத மோசடி, ஆபத்தும் அதில்தான் கூடுதல். 20 தவ் குறைந்த கிராங்க்கின் மேல் மெட்டல் ஸ்ப்ரே (உருகிய உலோகப் பூச்சு) அடித்து, திரும்பக் கிரைண்ட் செய்து, வெப்பில் இருந்த 20-ஐ உரசிவிட்டு ஸ்டாண்டர்ட் (குறைக்காத கம்பெனி அளவு) என்று விற்கிறார்கள். மைக்ரோமீட்டர் இதைக் கண்டுபிடிக்காது, அளவு சரியாகத்தான் காட்டும். மூலை வளைவில் ஸ்ப்ரே முடியும் கோட்டையும், லென்ஸில் தெரியும் பொடித் துளைகளையும் பார்க்க வேண்டும். ஓடும்போது அந்தப் பூச்சு செதிளாகக் கழன்று பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங் ஷெல்லின் (இரண்டு பாதியாக வரும் பேரிங் தகடு) முதுகில் இருக்கும் எண்ணையும் இப்படி மாற்றுகிறார்கள். இதற்குக் கணக்கு சுலபம்: 10 அண்டர்சைஸ் (10 தவ் குறைத்த ஜர்னலுக்கான) ஷெல் ஒவ்வொன்றும் ஸ்டாண்டர்டைவிட 5 தவ் தடிமன் கூடுதல், 20 என்றால் 10 தவ். உருண்டை முனை மைக்ரோமீட்டரில் ஷெல்லின் நடுவில் அளந்தால் முதுகில் இருக்கும் எழுத்து உண்மையா என்று தெரிந்துவிடும். பிஸ்டன் தலையில் அடித்த 40-ஐ அழித்து எஸ்.டி.டி (ஸ்டாண்டர்ட்) என்று அடித்திருந்தாலும் வெர்னியரே காட்டிக்கொடுக்கும். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினின் ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 2.875 அங்குலம், அதாவது 73.025 மில்லிமீட்டர். பிஸ்டன் அடிப்பாகம் அதற்கு ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் எழுத்து எப்படிச் சரியாகும்?

பிரேக் வீல் சிலிண்டரில் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். டஸ்ட் கவரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். குழிக்குழியாக இருந்தால் எந்தக் கம்பெனி எண்ணானாலும் வாங்காதீர்கள். ஸ்லீவ் போட்டிருந்தால் பித்தளையோ ஸ்டெயின்லெஸ்ஸோ வளையமாகத் தெரியும். அது நல்ல வேலை.

எஞ்சின் பிளாக், சேசிஸ் எண்கள் தனி விவகாரம். பிளாக்கை மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிலும் மாற்ற வேண்டும். பழைய எண்ணைப் புது பிளாக்கில் அடித்துக் கொடுக்கிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். துருவேறி அழிந்த எண்ணைத் திரும்ப அடிப்பதானாலும் அந்த அலுவலகத்தின் உத்தரவோடுதான் அடிக்க வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றமின்றி இருக்கும் சொந்த வண்டிகளுக்கு வி.ஏ வரிசையில் வின்டேஜ் பதிவு கிடைக்கிறது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அசல் எண்ணுக்கு மவுசு கூடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எங்கள் கணிப்பு. ஜர்னலை 10 தவ் குறைத்ததாலோ புது பிஸ்டன் போட்டதாலோ வண்டி அசல் தன்மையை இழந்துவிடாது. எண்ணை உரசிய வண்டிதான் ஆய்வின்போது மாட்டிக்கொள்ளும்.

பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். பில்லில் பாகத்தின் பெயர், எந்த வண்டிக்கானது, அதில் இருக்கும் எண் அப்படியே, ஸ்டாண்டர்டா அண்டர்சைஸா, புதிதாகப் போட்ட பேரிங், சீல் விவரம், ‘ரீகண்டிஷன்’ அல்லது ‘புது வார்ப்பு’ அல்லது ‘கம்பெனி ஒரிஜினல்’ என்ற மூன்றில் ஒன்று, இவ்வளவும் இருக்க வேண்டும். வாயால் ஒரிஜினல் என்பவர் பில்லில் ‘பழைய சாமான்’ என்று மட்டும் எழுதினால் அவருக்கே தன் சரக்கு மேல் நம்பிக்கை இல்லை. எண்ணையும் சுற்றியுள்ள தளத்தையும் கடையிலேயே பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் பாகத்தைச் சுத்தம் செய்யாமல், பெயின்ட் அடிக்காமல் அப்படியே வைத்திருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை. அடுத்தவர் வணிகச் சின்னத்தைப் பொய்யாக அடிப்பது 1999-ம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 103-வது பிரிவில் வருகிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். தங்கள் நாளிதழின் வரி விளம்பரங்களில் பழைய கார் பாகம் விற்கிறவர்களிடம், மேலே சொன்ன மூன்று சொற்களில் ஒன்றைப் போட்டே தீர வேண்டும் என்று கேளுங்கள். போட மறுப்பவர் விளம்பரத்தை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கிராங்க் கிரைண்டிங், ரீபோரிங் பட்டறைக்காரர்கள் சிலர்,
கணபதி, கோவை.